கடைசியாக வந்த பால்குடம்

என் தங்கச்சியைக் கொன்றவனுக்குத் தூக்கு என்று சிவகங்கைக் கோர்ட்டில் தீர்ப்பான அன்று, எங்கள் தெருவில் ஆயிரம்வாலா வெடித்தார்கள். நான் கோர்ட்டிலிருந்து பஸ்ஸில் காரைக்குடி வந்து இறங்கித் தெருமுனை திரும்பும்போதே வெடிக் காகிதம் செருப்பில் ஒட்டியது. ஒருத்தன் லட்டு டப்பாவை நீட்டி, நமக்கு நீதி கிடைத்துவிட்டது, எடுத்துக்கொள்ளுங்கள் அக்கா என்றான். நமக்காமே! என் தங்கச்சியை அவன் கண்ணால் பார்த்திருப்பானா என்பதே சந்தேகம். எழவு விழுந்த வீட்டுக்காரியிடம் இனிப்பை நீட்டுகிறோமே என்ற கூச்சம்கூட இல்லை. தெருமுனையில் ஃப்ளெக்ஸ் வேறு. அவளுடைய கல்யாண ஆல்பத்திலிருந்து ஒரு படத்தை எப்படியோ பிடித்துப் போட்டு, கீழே வரிசையாகத் தங்கள் முகங்களையும் கூலிங்கிளாஸோடு போட்டிருந்தார்கள். மாலையும் கழுத்துமாக அவள் அவர்கள் தலைக்கு மேலே சிரித்துக்கொண்டிருந்தாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் அன்றைக்கே அதைக் கிழித்துப் போட்டேன். ஜாக்கெட் தைத்துப் பிழைக்கிறவள் நான். என் கத்தரிக்கு ஃப்ளெக்ஸ் எல்லாம் ஒரு துணியா?

நடந்தது இதுதான். தண்ணி மோட்டார் பழுது பார்க்கிறவன், எங்களுக்கு அடுத்த தெருக்காரன், தங்கச்சி வீட்டுக்குள் நுழைந்து அவளையும் அவள் மாமியாரையும் கழுத்து நகைக்காகக் கொன்றுபோட்டான். அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவான். அவள் கையால் எத்தனையோ நாள் மோர் வாங்கிக் குடித்தவன். மூன்று வருஷமாகிறது. இதற்கு மேல் அதை எழுத என்னால் ஆகாது.

நீதிபதி தூக்கு என்று வாசித்தபோது என் வயிறு குளிர்ந்தது. பொய் சொல்வானேன். வெடிக் குப்பையை மிதித்த பிறகுதான் அந்தக் குளிர்ச்சி போயிற்று. அவன் செய்தது கொலை, சரி. நாள் குறித்து, கயிறு பார்த்து, ஆளின் எடை பார்த்து, பக்கத்தில் ஒரு டாக்டரையும் நிறுத்திவைத்துச் செய்யப்போவதற்கு என்ன பேர்? அதையும் எனக்காகச் செய்வதாக அல்லவா சொல்கிறார்கள்! அவன் சாகிறவரைக்கும் உள்ளேயே கிடக்கட்டும். தினமும் அவனுக்கு விடியட்டும், தினமும் அவளை நினைக்கட்டும். இதை வாய்விட்டுச் சொன்னதற்கு, இவளெல்லாம் கூடப்பிறந்தவளா என்று என் சொந்தக்காரர்களே பேசினார்கள்.

எதிர்ப் பக்கத்துக்காரர்களும் என்னைச் சும்மா விடவில்லை. தூக்குத் தண்டனை கூடாதென்று மேடையில் பேசுகிற ஒரு பெரிய மனிதர் மதுரையிலிருந்து காரில் வந்தார். கருணை என்றார், மன்னிப்பு என்றார். நான் அவனை மன்னித்துவிட்டதாக ஒரு கூட்டத்தில் வந்து சொன்னால் நாடே திரும்பிப் பார்க்குமாம். தூக்கு வேண்டாம் என்பதும் மன்னித்துவிட்டேன் என்பதும் ஒன்றா? நான் அவனை மன்னிக்கவில்லை. சாகிறவரைக்கும் மன்னிக்கப்போவதும் இல்லை. காபி கொடுத்து அனுப்பிவைத்தேன். லட்டுக்காரனைப் போலவே இவரும், நான் என்ன நினைக்கிறேன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பங்குனியில் எங்கள் தெரு மாரியம்மனுக்குப் பால்குடம் எடுப்பார்கள். அந்த மாதம் முழுக்க என் மெஷினில் மஞ்சள் துணிதான் ஓடும். இந்த வருஷம் ஜாக்கெட்டுக்கு அளவு கொடுக்க வந்தவர்கள்தான் சொன்னார்கள், அவன் அம்மாவும் காப்புக் கட்டியிருக்கிறாளாம், மகன் கயிற்றுக்குத் தப்ப வேண்டுமென்று குடம் எடுக்கப்போகிறாளாம். மேல்கோர்ட்டில் அப்பீல் கிடக்கிறது. அந்த அம்மாளுக்கு வேறு நாதியில்லை. பலகாரக் கடையில் முறுக்குச் சுற்றிக்கொண்டிருந்தவளை, வருகிறவர்கள் முகம் சுளிக்கிறார்கள் என்று வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். கொன்றவன் அவனா, முறுக்குச் சுற்றியவளா?

விழாக் கமிட்டியிலிருந்து மூன்று பேர் என் வீட்டுக்கு வந்தார்கள். கொலைகாரனுக்காக நேர்ந்துகொண்ட பாலை ஆத்தா தலையில் ஊற்றுவது ஊருக்கு ஆகாது என்றார்கள். ஆனால் கட்டிய காப்பை நேர்த்தி முடியாமல் அவிழ்க்க மாட்டேன் என்று பூசாரி பிடிவாதமாக இருக்கிறாராம். செத்தவளுடைய அக்கா நானே ஆட்சேபம் சொன்னால் அவரும் வழிக்கு வருவாராம்.

"நீங்க ஒரு வார்த்தை சொன்னீகன்னா போதும்க்கா. உங்க மனசு நோகக் கூடாதுன்னுதான் வந்திருக்கோம்" என்றான் அவர்களில் இளையவன்.

"என் மனசை நான் பாத்துக்கிறேன் தம்பி. என் பேரைச் சொல்லி அந்தம்மாவை நிறுத்துனீக, நானே வந்து கோயில் வாசல்ல உக்காந்துருவேன்" என்றேன்.

முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு போனார்கள். குடம் எடுப்பதைத் தடுக்க முடியவில்லை. அதனால் தண்ணீரைத் தடுத்தார்கள்.

பால்குடம் வருகிற வழியில் ஒவ்வொரு வாசலிலும் மஞ்சளும் வேப்பிலையும் போட்ட தண்ணீரைக் குடத்தில் நிரப்பி வைத்திருப்போம். தார்ரோட்டில் வெறுங்காலோடு வருகிறவர்கள் காலில் ஊற்றி, குனிந்து தொட்டுக் கும்பிடுவோம். குடம் தலையில் ஏறிவிட்டால் அவள் இன்னார் வீட்டுப் பெண் இல்லை, ஆத்தாதான். எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து இந்தத் தெரு அப்படித்தான் சொல்லிவந்திருக்கிறது.

அன்றைக்கு ஊர்வலம் எங்கள் தெருவுக்குள் நுழையும்போது வெயில் மண்டையைப் பிளந்தது. மேளத்துக்குப் பின்னால் வரிசை வரிசையாக வந்தவர்கள் எல்லார் காலிலும் தண்ணீர் விழுந்தது. கடைசி வரிசைக்கும் பின்னால், நன்றாக இடைவெளி விட்டு, அந்த அம்மாள் தனியாக வந்தாள். அவள் தெருவில் காலை வைத்ததும் எதிர்வீட்டில் ஹோஸ் பைப்பை மூடினார்கள். பக்கத்து வீட்டு மதினி மிச்சத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றிவிட்டுக் குடத்தைக் கவிழ்த்து வைத்தாள். சொல்லிவைத்தாற்போல வாசலுக்கு வாசல் இதே கதை. முன்னால் ஊற்றிய தண்ணீர் அந்தச் சூட்டில் எவ்வளவு நேரம் நிற்கும்? ரோடு அதற்குள் காய்ந்துபோயிருந்தது. அவள் பாதத்தை முழுதாக ஊன்ற முடியாமல் விரல் நுனியால் நடந்தாள். பால் தளும்பி நெற்றியில் வழிந்தது.

என் வாசலுக்கு நேரே வந்ததும் என்னைப் பார்த்துவிட்டாள். உடனே ரோட்டின் அந்தப் பக்கமாக ஒதுங்கினாள். தெருவே என்னைப் பார்த்தது. நான் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்துவேன் என்று காத்திருந்தார்கள் போலிருக்கிறது. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

குடத்தைத் தூக்கிக்கொண்டு, "இங்குட்டு வாங்க" என்றேன். அவள் வரவில்லை. நானே ரோட்டைத் தாண்டிப் போனேன்.

"வேணாம் தாயி. நீ ஊத்த வேணாம்" என்றாள்.

"கால் சுடுதா இல்லையா?"

"சுடுது."

குடம் காலியாகும் வரைக்கும் ஊற்றினேன். அவள் பாதம் கொப்புளித்துப் போயிருந்தது. ஊற்றிய பிறகு குனிந்து காலைத் தொட வேண்டும். என் கை போகவில்லை. அவன் ஜாடை அப்படியே அவள் முகத்தில் இருந்தது. அவளும் அதை எதிர்பார்த்து நிற்கவில்லை. ஈரக் காலோடு நடக்க ஆரம்பித்தாள்.

திரும்பி வாசலுக்கு வந்தால், பக்கத்து வீட்டு மதினி மூக்கில் விரலை வைத்துக்கொண்டு நிற்கிறாள்.

"எப்படி மதினி உங்களுக்கு மனசு வந்துச்சு?"

"மனசெல்லாம் வரலை. தண்ணி இருந்துச்சு, ஊத்துனேன்" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. "செத்தது என் தங்கச்சி. உங்க வீட்ல அவன் யாரைக் கொன்னான்னு நீங்க குடத்தைக் கவுத்தீக?"

கோயிலுக்கு இன்னும் ஏழெட்டு வாசல் இருந்தது. ஒரு வாசலிலும் குடம் நிமிரவில்லை. நான் உள்ளே போய் இரண்டாவது குடத்தைத் தூக்கிக்கொண்டு அந்த அம்மாளுக்குப் பின்னால் நடந்தேன்.