கற்பாத்தியில் பூத்த பென்ஸ்டெமோன்

இப்போது எனக்கு வேலை கோபன்ஹேகனில். செடிகளைப் பெரும்பாலும் கணினித் திரையில்தான் பார்க்கிறேன். ஆனாலும் ஜூன் வந்தால் ஒடென்சே நகரின் விளிம்பில் இருந்த அந்தச் சிறிய தாவரத் தோட்டம் மனதில் வந்து உட்கார்ந்துவிடும். வெயிலில் சூடான கற்களில் தண்ணீர் விழுந்ததும் எழும் வாசம், சைக்கிளைச் சாத்திவைக்கும் மரவேலி, இரவு பத்து மணிக்கும் போகாத வெளிச்சம். பல்கலைக்கழக நாட்களில் இரண்டு கோடைகள் அங்கே வேலை செய்தேன்.

எங்கள் வீட்டில் பள்ளிப் படிப்பை முடித்த முதல் ஆள் நான். அப்பாவின் படிப்பையும் அம்மாவின் படிப்பையும் ஊரில் நடந்த யுத்தம் பாதியில் நிறுத்திவிட்டது. இங்கே வைலே நகரில் இருவருக்கும் தொழிற்சாலை வேலை. நான் படித்ததை அவர்கள் கண்ணால் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஒரு வீம்பு இருந்தது. பரீட்சைப் பெறுபேறு எல்லாம் காகிதம்தானே?

இரண்டாவது கோடையில், கற்களுக்கிடையே மலைச்செடிகள் வளர்க்கும் கற்பாத்தியில் மூன்று செடிகள் மொட்டு விட்டன. அவை வந்த விதைப் பொட்டலத்தில் பென்ஸ்டெமோன் என்று மட்டும் இருந்ததாம். வட அமெரிக்க மலைகளின் காட்டுச் செடி அது. அதில் இனங்களும் ஏராளம். தோட்டப் பொறுப்பாளரான டேனிஷ் பெண்மணி உருப்பெருக்கிக் கண்ணாடியை என் கையில் தந்தார்.

"பெயரைக் கண்டுபிடி. பெயர்ப்பலகையையும் நீயே எழுது."

முதற்செடி மலர்ந்ததும் கல்லின் மேல் குப்புறப் படுத்துக்கொண்டு பார்த்தேன். ஊதாக் குழல் போன்ற பூ. உள்ளே ஐந்து மகரந்தக் காம்புகள்; ஐந்தாவதில் மகரந்தப் பை இல்லை, மஞ்சள் மயிர் மட்டும். மற்ற நான்கின் பைகளிலும் வெள்ளைக் கம்பளி சுற்றியது போல் மென்மயிர். அடித்தண்டு மரக்கட்டை போல இருந்தது. குளிர்காலத்திலும் இலை உதிராத செடி. செடிகளை இனங்காணும் புத்தகத்தில் ஒவ்வொரு கேள்வியாகத் தாண்டி புரூட்டிகோசஸ் என்ற இனத்துக்கு வந்து சேர்ந்தேன். அதில் மூன்று வகைகள்: அகன்ற இலை, ஒடுங்கிய இலை, மரம் அரியும் வாளின் பல் போல் விளிம்பு வெட்டிய இலை. என் செடிக்குப் பல் நன்றாகவே இருந்தது. செராட்டஸ் வகை; முழுப்பெயர் பென்ஸ்டெமோன் புரூட்டிகோசஸ் செராட்டஸ். அன்றே வீட்டுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"ஞாயிற்றுக்கிழமை வாங்கோ. நான் பேர் கண்டுபிடிச்ச செடி நிக்குது. மூண்டு சொல்லுப் பேர்."

"பேர் வைக்கிறதுக்கும் படிப்போ?" என்றார் அம்மா. "உனக்கு நாங்கள் படிச்சோ பேர் வைச்சனாங்கள்?"

சனிக்கிழமை மற்ற இரண்டும் மலர்ந்தன. பூவில் வித்தியாசமே இல்லை. ஆனால் ஒன்றின் இலை ஒடுக்கம், நுனியில் மட்டும் இரண்டொரு பல். மற்றதில் அகன்ற இலையும் பல்லிலையும் ஒரே கிளையில். விதை எங்கே எடுத்தது என்று பொறுப்பாளரிடம் கேட்டேன். வேறொரு தோட்டத்தில், மூன்று வகைகளும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் பாத்தியில் என்றார். மலையில் தள்ளித் தள்ளி வளர்பவை. அந்தப் பாத்தியிலோ ஒரே தேனீ மூன்றிலும் உட்கார்ந்து மகரந்தத்தைக் கலந்திருக்கும்.

"முதற்செடிக்கு செராட்டஸ் என்றே எழுதலாம். யாரும் குறை சொல்லமாட்டார்கள்," என்றார் அவர். "உன் பலகை, உன் முடிவு."

நாளைக்கு அப்பா வருவார். மூன்று சொல் என்று வாய்விட்டுச் சொல்லியாகிவிட்டது. பேனாவை வைத்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். அந்தப் பல் எந்தத் தாயிடமிருந்து வந்தது, எந்தத் தகப்பனிடமிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாது. பென்ஸ்டெமோன் புரூட்டிகோசஸ் என்று இரண்டு சொல்லோடு நிறுத்தினேன்.

ஞாயிறு அப்பா இஸ்திரி போட்ட சட்டையில் வந்தார். அம்மா இடியப்பப் பெட்டியோடு. அப்பா குனிந்து பலகையை எழுத்தெழுத்தாக வாசித்தார்.

"மூண்டெண்டாய். ரெண்டுதானே கிடக்கு?"

தேனீக் கதையைச் சொன்னேன்.

"தெரியாதெண்டு சொல்லவோ பிள்ளை இவ்வளவு காலம் படிச்சனீ?" அம்மா சிரித்தார்.

"ஓம் அம்மா. படிக்காட்டி தெரியுமெண்டு எழுதியிருப்பன்."

அப்பா என் கையிலிருந்த கண்ணாடியை வாங்கிக்கொண்டு இலை இலையாகப் பார்த்தார். அம்மா பொறுமையிழந்தார். "இஞ்சேருங்கோ, எனக்கும் ஒருக்காத் தாங்கோவன்."

"பொறும். உமக்கு எல்லாத்துக்கும் அவசரம்."

அப்போது ஒரு டேனிஷ் தம்பதி வந்து நின்று, இது எந்த வகை என்று கேட்டார்கள். அரசாங்கக் கந்தோர்களில் டேனிஷ் பேச வேண்டி வந்தால் அப்பா எப்போதும் என்னை முன்னே தள்ளிவிடுவார். அன்று நான் வாயைத் திறக்கும் முன் நிமிர்ந்து, முழங்கால் மண்ணைத் தட்டிவிட்டு, தன் கரடுமுரடான டேனிஷில் அவரே சொன்னார்:

"இனம் தெரியும். வகை சொல்ல முடியாது. இலையைப் பாருங்கள், இதற்குப் பல் இருக்கிறது, அதற்கு இல்லை. பார்த்துச் சொன்னது என் மகள்."