அச்சாகிவிட்ட மூன்று

1950களில், என் கல்லூரி மாணவர்களுக்கான இயற்பியல் குறிப்புகளைத் திருவள்ளூர் அச்சகத்தில் மூன்றாம் முறையாகப் புரூஃப் பார்த்துக்கொண்டிருந்தேன். எலக்ட்ரான்களின் குவாண்டம் எண்கள் பட்டியலில் அச்சுக்கோப்பவர் விரல் வைத்தார்.

"கோச்சுக்காதீங்க சார். எல்லா வரியிலும் மொதல் நம்பரவிட ரெண்டாவது சின்னதா கீது. இங்க மட்டும் ரெண்டும் மூணா கீதே?"

"உசிரை வாங்காதேய்யா, எழுதினபடி போடு!" என்று எரிந்து விழுந்தேன்.

வீடு திரும்பும் ரயில் செவ்வாப்பேட்டையைத் தாண்டுமுன் பாடப்புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தேன். இரண்டாவது எண் முதலாவதைவிடக் குறைவாகவே இருக்க வேண்டும் என்பதுதான் விதி!

மறுநாள் காலையில் ஓடினேன். எல்லாம் அச்சாகியிருந்தது. அச்சுக்கோப்பவர் என்னுடன் உட்கார்ந்து ஒவ்வொரு பிரதியையும் பேனாவால் திருத்தினார். நடுவில், "அது ஏன் சார் சின்னதாவே இருக்கணும்?" என்றார்.

வருடக்கணக்காக அந்த விதியை மாணவர்களை ஒப்பிக்கவைத்த எனக்குப் பதில் தெரியவில்லை. அவரிடம் அதைச் சொல்ல நான் கூச்சப்படவில்லை.