பெஞ்சுகளை வெளியே தள்ளிய டீச்சர்

மழலையர் வகுப்பு டீச்சருக்குப் பள்ளிக்கூடத்தில் பம்பரம் என்று பட்டப்பெயர். நின்ற இடத்தில் நிற்க மாட்டார். சின்ன வயதில் வகுப்பில் காலாட்டினார் என்று அவருடைய காலைப் பெஞ்சோடு சேர்த்துத் துணியால் கட்டிப்போட்டார்கள். அந்த ஆத்திரம் அவருக்கு ஆறவே இல்லை.

அவரிடம் வந்த பிள்ளைகள் பதினோரு வருஷமாக ஆடி ஓடித்தான் படித்தார்கள். தரையில் கயிற்றால் எழுத்துப் போட்டு, அதன் மேல் நடப்பார்கள். புதிதாக வந்த தலைமையாசிரியர் ஒரே வாரத்தில் எல்லாவற்றுக்கும் முற்றுப்புள்ளி வைத்தார். விளையாட்டுத் திடலுக்குப் பூட்டுப் போட்டார். வகுப்பில் பன்னிரண்டு பெஞ்சு போட்டார். நாலு வயதுப் பிள்ளைகள் தினமும் இரண்டு பக்கம் எழுத வேண்டும்.

மூன்றாம் நாள், பஸ் டிரைவரின் மகள் உட்கார்ந்த இடத்திலேயே பாவாடையை நனைத்துவிட்டாள்.

"ஏன்டா கண்ணு, கேட்டிருக்கலாமே?"

"எந்திரிச்சா பெரிய சார் திட்டுவாருல்ல..."

டீச்சர் அவளுக்கு உடை மாற்றிவிட்டார். பிறகு முதல் பெஞ்சின் முனையைப் பிடித்து வராந்தாவுக்கு இழுத்தார். பன்னிரண்டையும் தள்ளி முடிப்பதற்குள் தலைமையாசிரியர் ஓடி வந்தார்.

"என்ன டீச்சர் பண்றீங்க?"

"இடம் பண்றேன் சார்."

"பெத்தவங்க வந்து கேட்டா யாரு பதில் சொல்றது?"

"நானே சொல்றேன். கூப்பிடுங்க."

சனிக்கிழமை பெற்றோர் எல்லோரும் வந்தார்கள். டீச்சர் கையெழுத்துப் போட வேண்டிய மன்னிப்புக் கடிதம் மேசையில் தயாராக இருந்தது.

"பக்கத்து வீட்டுப் பையன் முழுப் பேரையும் எழுதுறான். எங்க பையன் தாவிக்கிட்டே இருக்கான்" என்று குறைபட்டார் ஒரு தாய்.

டீச்சர் வாதாடவில்லை. அவர்களை அந்தப் பெஞ்சுகளிலேயே உட்கார வைத்தார்.

"கையைக் கட்டிக்கோங்க. பேசக் கூடாது, திரும்பக் கூடாது."

நாலாவது நிமிஷம் யாரோ முனகினார்கள். ஏழாவது நிமிஷம் பஸ் டிரைவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"போதும் டீச்சர். வண்டியில உட்காந்து உட்காந்து ஏற்கெனவே போன இடுப்பு இது."

"உங்களுக்கு ஏழு நிமிஷம். உங்க பொண்ணுக்கு நாலு மணி நேரம். தோளும் விரலும் உரம் ஏறாம பென்சில் நிக்காதுங்க. அதுக்குத் தொங்கணும், தூக்கணும், மண்ணைப் பிசையணும். என்கிட்ட படிச்சுட்டுப் போனதுங்க எழுதுதா இல்லையான்னு ஒண்ணாம் வகுப்பு டீச்சரைக் கேளுங்க."

வாசலில் நின்ற ஒண்ணாம் வகுப்பு டீச்சர் தலைமையாசிரியரை ஓரக்கண்ணால் பார்த்தார்.

"நல்லாவே எழுதுறாங்க சார்."

பஸ் டிரைவர் விடவில்லை. "திடலைத் திறந்து விடுங்க சார்" என்றார். நாலைந்து பேர் சேர்ந்துகொண்டார்கள். குறைபட்ட தாய் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கடிதத்தில் டீச்சர் கையெழுத்துப் போடவில்லை. அந்த வருஷப் பதவி உயர்வுப் பட்டியலில் அவர் பெயரும் இல்லை. திடல் சாவி மட்டும் திங்கட்கிழமை கைக்கு வந்தது, தினமும் அரை மணி நேரம்தான் என்ற கண்டிப்போடு.

"ஆகட்டும் சார்" என்றார் டீச்சர்.

அன்று பதினோரு மணிக்கு மாடி ஜன்னலிலிருந்து திடலைப் பார்த்துத் தலைமையாசிரியர் கத்தினார். "அரை மணி ஆச்சு டீச்சர்!"

"நூறு தாவல் எண்ணச் சொல்லியிருக்கேன் சார்! இப்பத்தான் முப்பத்தேழு!"