சீட்டைக் குலுக்கியவளும் கட்சி சேர்ந்தாள்

பெரிய மருத்துவமனையின் வரவேற்பில் பல வருடம் நோயாளிகளைக் கூவி அழைத்த தொண்டை அவளுடையது. அங்கே ஒலிபெருக்கி வந்தது, அவள் வேலை போனது. பிறகு பல்கலைக்கழக உளவியல் துறையில் உதவியாளராகச் சேர்ந்தாள். ஆராய்ச்சிக்கு வருகிறவர்களை உட்காரவைத்து, செய்ய வேண்டியதைச் சொல்லித்தருவது அவள் பொறுப்பு. துறையில் எல்லோருக்கும் அவள் ‘மைக் அக்கா’.

அந்த வருட ஆராய்ச்சி எளிமையானது. முன்பின் தெரியாதவர்கள் கூடத்துக்கு வருவார்கள். சீட்டு எடுத்து, வந்த நிறத்துக்கு ஏற்ப மஞ்சள் தொப்பியோ பச்சைத் தொப்பியோ போட்டுக்கொள்வார்கள். பிறகு இரண்டு அணியும் அட்டைப்பெட்டி மடிக்கும் போட்டி. வெறும் சீட்டில் சேர்ந்தவர்கள் எவ்வளவு சீக்கிரம் ‘நம்ம ஆளு, அவங்க ஆளு’ என்று பேச ஆரம்பிக்கிறார்கள் என்பதுதான் கேள்வி.

ஒருநாள் மஞ்சள் அணிக்கு ஆள் ஒருவர் வரவில்லை.

“அக்கா, நீங்களே உக்காந்துடுங்களேன். ஒரு ஒத்திகையா வச்சுக்கலாம்” என்றார் பேராசிரியை. அவளைவிட வயதில் சின்னவர்.

சரி என்று உட்கார்ந்தாள். போட்டி தொடங்கியது. அவ்வளவுதான், அவளுக்குக் கை பறந்தது. கடைசியில் எழுந்து நின்றே கத்தினாள்: “விடாதீங்க! பச்சைக்காரங்க ஏமாத்துறாங்க!”

மறுநாள் காலை, போட்டியைப் பதிவுசெய்திருந்த வீடியோவைப் போட்ட பேராசிரியை, கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

“அக்கா, சீட்டு எழுதினது யாரு?”

“நான்தான்.”

“குலுக்கினது?”

“அதுவும் நான்தான். ஆனா மேடம், அவங்க நிஜமாவே ஏமாத்துனாங்க! என் கண்ணால பாத்தேன்.”

“வாங்க, மறுபடியும் பாக்கலாம்.”

ஓட்டிப் பார்த்தார்கள். பச்சை அணியினர் தலை நிமிராமல் மடித்துக்கொண்டிருந்தார்கள். அவளுக்குப் பக்கத்திலேயே இருந்த வழுக்கைத்தலை மஞ்சள்காரர், பச்சை அணியின் குவியலிலிருந்து ஒரு பெட்டியை நைசாகத் தம் பக்கம் இழுத்துக்கொண்டார். அவர் முழங்கை அவள் மேல் இடிக்கவும் செய்தது. அவள் கண்ணில் மட்டும் அது படவே இல்லை.

“அடப்பாவி!” என்று வாயில் கைவைத்தாள். வழுக்கைத்தலையைத் திட்டினாளா, தன்னையே திட்டிக்கொண்டாளா என்று அவளுக்கே தெரியவில்லை. “வெறும் குலுக்கல்னு என்னைவிட யாருக்கு மேடம் தெரியும்? தெரிஞ்சுமா விழுந்தேன்?”

பேராசிரியை நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். “அக்கா! இதையேதான் அடுத்துக் கேக்கப்போறோம். சீட்டை அவங்களையே எழுதவைப்போம், அவங்களையே குலுக்கவைப்போம். அப்பவும் கட்சி சேருறாங்களான்னு பாப்போம்!”

துறையில் பாதிப்பேர் நம்பவில்லை. ‘தன் கையால் குலுக்கினவன் எப்படி ஏமாறுவான்?’ என்றார்கள். மைக் அக்காவும் அவர்கள் பக்கம்தான். தனக்கு வந்தது ஏதோ ஒருநாள் கிறுக்கு என்று தேற்றிக்கொண்டாள்.

வாரக்கணக்கில் ஆட்கள் வந்தார்கள். தாங்களே சீட்டு எழுதி, தாங்களே குலுக்கி, தொப்பி மாட்டினார்கள். யார் மடித்த பெட்டி நேர்த்தி என்று பிறகு தனித்தனியாகக் கேட்டாள். “எங்க பெட்டிதாங்க, மூலை எப்படி நிக்குது பாருங்க” என்று ஒருவர் பின் ஒருவராகச் சொல்லச் சொல்ல, சிரிப்பை அடக்க அவள் பட்ட பாடு!

கணக்கு முடிந்த மாலை பேராசிரியையின் அறையில் இருவரும் கணினித் திரையையே பார்த்தபடி நின்றார்கள். கட்சி மனப்பான்மை கொஞ்சம் குறைந்திருந்தது. ஆனால் போகவில்லை.

“போகல மேடம்! போகவே இல்ல!” அவள் போட்ட கூச்சலில் பக்கத்து அறைக்காரர் என்னவோ ஏதோவென்று ஓடிவந்தார்.

கீழே அவள் கணவர் வேனில் காத்திருந்தார். செல்போன் அடித்தபடியே இருந்தது. எடுத்து, “கொஞ்சம் இருங்க, வந்துடுறேன்” என்று வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

“சரி மேடம், தெரிஞ்சும் விழுறோம். அப்ப போட்டிக்கு நடுவுல தொப்பியை மாத்திவிட்டா?”

பேராசிரியை பேனாவைத் தேட ஆரம்பித்தார்.