பதுங்குகுழியில் ஒரு நிமிட இருட்டு

அராசெலி பொய்யே சொல்லாதவள் என்று நான் சொல்ல மாட்டேன். தன் அப்பாவிடம் ஒரு பொய் சொன்னாள். அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். மற்ற அத்தனையும் அவளுக்கு நடந்தது. மாட்ரிட் நகரத்தில், பட்டப்பகலில்.

2008, மே 17, சனிக்கிழமை. சான் இசீத்ரோ திருவிழா வாரம். அவள் அப்பா லூசியானோவுக்கு வயது எழுபத்தொன்பது. நுரையீரலில் கட்டி என்று டாக்டர் சொல்லி மூன்று வாரம் ஆகியிருந்தது. எழுபது வருஷத்துக்கு முன் நடந்த ஸ்பெயின் உள்நாட்டுப் போரைப் பற்றி வாயே திறக்காத மனிதர், அன்று காலை தானாகக் கேட்டார். "போர் நடந்த இடமெல்லாம் இப்ப ஜனங்களுக்குக் காட்டுறாங்களாமே. கூட்டிட்டுப் போறியா?"

முதலில் மேற்குப் பூங்கா. சிப்பாய்கள் உள்ளிருந்து சுட்ட கான்கிரீட் கூண்டுகள். ஒன்றின் மேல் ஒரு நாய் காலைத் தூக்கியது. "அவன் ஒருத்தன்தான் ரெண்டு கட்சிக்கும் பொது," என்று சிரித்தார் அப்பா. அடுத்து கல்லறைத் தோட்டம். ஆட்களை நிறுத்திச் சுட்ட சுவர். அங்கே அவர் சிரிக்கவில்லை. தொப்பியைக் கழற்றினார்.

கடைசியாக, விமானங்கள் குண்டு போட்டபோது ஜனங்கள் ஒளிந்த பதுங்குகுழி. வாசலில் பதினைந்து பேர் வரிசை.

"அன்னிக்கு முட்டி மோதி உள்ள போனோம். இன்னிக்குப் பாரு, எவ்வளவு மரியாதையா நிக்கிறாங்க," என்றவர், சட்டென்று பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். "நீ போ. எனக்குக் கால் வலி."

கால் வலி மாதிரி தெரியவில்லை. பதுங்குகுழி வாசலைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

12:40. முப்பத்தெட்டுப் படிகள். கீழே ஈர வாடை. வழிகாட்டி இஞ்ஞிகோ, இளைஞன், எல்லோரையும் ஒரு நீளமான அறையில் நிறுத்தினான்.

"ஒரு நிமிஷம் விளக்கை அணைக்கப் போறேன். அவங்க எப்படி இருந்திருப்பாங்கன்னு தெரியணும்ல? பயமா இருந்தா பக்கத்துல இருக்கறவங்க கையைப் பிடிச்சுக்கோங்க. கன்னத்துல அறை விழுந்தா நான் பொறுப்பில்ல."

சிரித்தார்கள். விளக்கு அணைந்தது.

யாரோ இருமினார்கள். பிறகு அதுவும் இல்லை. எங்கோ தண்ணீர்.

சொட்... சொட்...

ஒரு கை அவள் வலது கையைப் பிடித்தது.

சின்னக் கை. ஜில்லென்று, வேர்வையில் நனைந்து. ஏதோ குழந்தை பயந்துவிட்டது என்று மெல்ல அழுத்தினாள். அந்த விரல்கள் இறுகின.

அப்போதுதான் உறைத்தது. வரிசையில் குழந்தையே இல்லை.

"சானோ..."

இடுப்பு உயரத்திலிருந்து குரல்.

"விடாத, சானோ..."

கையை உதறினாள்.

விளக்கு எரிந்தது. 12:52. அவளுக்கு வலப்பக்கம் ஆள் இல்லை. ஆள் நிற்க இடமும் இல்லை.

சுவர்.

வெளியே வெயில். அப்பா ரோஸ்கியா என்ற திருவிழா வளைய பிஸ்கட்டைப் பிட்டுத் தின்றுகொண்டிருந்தார். "என்னடி, பேயறைஞ்ச மாதிரி வர்ற?"

"அப்பா... சானோன்னா யாரு?"

கையிலிருந்த துண்டு வாய்க்குப் போகவில்லை. "யார் சொன்னா?"

சொன்னாள்.

துண்டைக் காகிதத்தில் மடித்து வைத்தார். "என்னை அப்படிக் கூப்பிட்டவ ஒருத்திதான். கசில்டா. என் தங்கச்சி. நாலு வயசு."

தனக்கு அப்படி ஓர் அத்தை இருந்ததே அவளுக்கு அன்றுதான் தெரியும்.

"அபாயச் சங்கு ஊதுச்சு. எனக்கு எட்டு வயசு. அப்ப இன்னொரு வாசல் இருந்துச்சு, அந்தப் படியில அப்படி ஒரு நெரிசல். கை வேர்த்து வழுக்கிடுச்சுன்னு அம்மாகிட்ட சொன்னேன். சாகறவரைக்கும் நம்பினா." மூச்சு வாங்கியது. "வழுக்கல. ரெண்டு கையும் இருந்தாத்தான் முண்டிக்கிட்டுப் போக முடியும். நான்தான் விட்டேன். மிதிச்சே கொன்னுட்டாங்க. அப்புறம் அந்தப் படிக்கட்டுல மண்ணைக் கொட்டி, நீ நின்னியே, அந்தச் சுவரை வெச்சுட்டாங்க."

அவள் வலது கையையே பார்த்தார்.

"நீ... விடலயே?"

"இல்லப்பா. விடல."

இதுதான் அந்தப் பொய்.

அந்தக் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டு அழுதார் லூசியானோ.

நவம்பர் 9, ஞாயிறு, காலை 11:20. ஆஸ்பத்திரியில் அவர் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். அவர் மெல்ல அதை உருவிக்கொண்டார். பிறகு மூச்சு நின்றது.

ஜனவரியில் அவள் மறுபடி அந்தப் படிகளில் இறங்கினாள். அதே இடம். விளக்கு அணைந்ததும் வலது கையை நீட்டினாள். இந்தத் தடவை விட மாட்டேன்...

ஒரு நிமிடம். யாரும் பிடிக்கவில்லை.

எல்லோரும் மேலே போனபின் இஞ்ஞிகோ தயங்கி வந்தான். "கையை நீட்டுனீங்களே மேடம்... உங்களுக்கும் முன்னாடி நடந்திருக்கா?"

தலையசைத்தாள்.

"இங்க நின்ன நிறைய பேர் சொல்லியிருக்காங்க. குழந்தைக் கை. இப்ப யாரும் சொல்றதில்ல."

"எப்பலேர்ந்து?"

"நவம்பர் ஒன்பது, ஞாயித்துக்கிழமை. மணி பதினொன்னு இருபது, குறிச்சு வெச்சிருக்கேன். விளக்கை அணைச்சேன். இந்தச் சுவருக்குப் பின்னாலேருந்து சத்தம். பதினாலு பேருக்கும் கேட்டுச்சு."

"என்ன சத்தம்?"

அவன் குரல் இறங்கியது.

"ரெண்டு குழந்தைங்க... படியேறி ஓடுற சத்தம்."