வெறும் சாயந்தாங்க

என் மூத்தார் நல்ல மனிதர் என்று ஊரில் யாராவது சொன்னால் எனக்கு வயிறு எரியும். ஆனாலும் வாயைத் திறக்க மாட்டேன். டேப்லெட்டும் பையுமாக வீடு வீடாகப் போய் சுகர், பிரஷர் பார்க்கிறவள் ஒரு வீட்டுக் கதையை இன்னொரு வீட்டில் பேசக்கூடாது. இங்கே பேசலாம்.

மூத்தார் என்றால் என் வீட்டுக்காரரின் அண்ணன். சந்தவாசல் போகிற சாலையில், எங்கள் கிராமத்தில் அவருக்குச் சாயப்பட்டறை இருக்கிறது. ஆரணிக் கடைகளுக்குப் பட்டு நூல் தோய்த்துக் கொடுக்கிற வேலை. பேரம் பேசுவது அண்ணன், கொதிக்கிற தொட்டிப் பக்கத்தில் நின்று தோய்ப்பது தம்பி. அன்றைக்கு எந்த நிறம் ஓடுகிறதோ அதுதான் என் வீட்டுக்காரரின் விரல் நிறம். கல்யாணமான புதிதில் அவர் ராமர் பச்சைக் கையோடு சோறு பிசைவதைப் பார்த்து எனக்குக் குமட்டியிருக்கிறது. அப்புறம் பழகிவிட்டது. சாயப்பட்டறைக்காரர் வீட்டில் நகத்தைப் பார்த்து யாரும் பயப்படுவதில்லை.

அந்த ஆவணியில் மயில்கழுத்து நீலம் ஓடிக்கொண்டிருந்தது. அவருக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. மாடிப்படியில் பாதியில் நின்றுவிடுவார், படுத்தால் இருமுவார். ஆரணியில் ஊசி போட்டார்கள், கேட்கவில்லை. நெஞ்சு டாக்டரிடம் வேலூருக்குக் கூட்டிப்போக வேண்டும் என்றேன். முகூர்த்த சீசனில் ஒரு நாள் வேலை கெடுமே என்று மூத்தார் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தார். அப்போதுதான் துணை சுகாதார நிலையத்து நர்ஸ், போனிலேயே சென்னை டாக்டரிடம் காட்டலாம் என்று சொல்லிக்கொடுத்தார். என்னிடம் இருந்தது பட்டன் போன். வீட்டிலேயே பெரிய போன் மூத்தாரிடம்தான் இருந்தது. கெஞ்சி வாங்கினேன்.

பட்டறை வாசலில் வெளிச்சமான இடமாகப் பார்த்து அவரை உட்காரவைத்தேன். திரையில் கண்ணாடி போட்ட சின்ன வயது டாக்டரம்மா. அவ்வளவு பொறுமையாக எங்களிடம் அதுவரை எந்த டாக்டரும் பேசியதில்லை. எப்போது மூச்சு வாங்குகிறது, கால் வீங்குகிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுவிட்டு நகத்தைக் காட்டச் சொன்னார். என் வீட்டுக்காரர் கையை நீட்டினார். நகமெல்லாம் நீலம். டாக்டரம்மாவின் முகம் மாறியது. ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று பார்க்க நர்ஸ் கொடுத்திருந்த மிஷினை விரலில் மாட்டினோம். நம்பர் ரொம்பக் குறைவாகக் காட்டியது.

பின்னாலிருந்து மூத்தார் சிரித்தார். சாயக் கையில் மாட்டினால் மிஷின் எப்படி ஒழுங்காகக் காட்டும் என்றார். பட்டறை ஆட்களும் சிரித்தார்கள். என் வீட்டுக்காரரும்கூடச் சிரித்தார். சிரிக்க மூச்சு பத்தாமல் இருமினார்.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. "சாயம் படாத இடம் பாக்கணும். நாக்கை நீட்டச் சொல்லுங்க," என்றார்.

என் வீட்டுக்காரர் வாயைத் திறப்பதற்குள் போன் என் கையைவிட்டுப் போய்விட்டது. மூத்தார் பிடுங்கிக்கொண்டார்.

"வெறும் சாயந்தாங்க. எங்க தொழிலு அப்படி. சீசன் முடியட்டும், நானே வேலூருக்கு இட்டுகினு போறேன்," என்று சொல்லிப் போனை அணைத்துவிட்டார். தொட்டி ஆறுகிறது, பேஜார் பண்ணாதே என்று என்னையும் அதட்டினார். அண்ணனே சொல்லிவிட்டார் என்று என் வீட்டுக்காரர் எழுந்து வேலைக்குப் போனார்.

மறுநாள் காலையில் மூச்சு விட முடியாமல் துவண்டவரை ஆட்டோவில் வேலூருக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். தலை என் மடியில் இருந்தது. அப்போதுதான் உதட்டைப் பார்த்தேன். அங்கேயும் நீலம். உதட்டால் யாரும் நூல் தோய்ப்பதில்லை. கண்ணமங்கலம் தாண்டுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

காரியத்துக்கு வந்தவர்களிடமெல்லாம் மூத்தார் விதி என்று சொல்லிக்கொண்டிருந்தார். நாசமாய்ப் போக என்று அவர் முதுகுக்குப் பின்னால் நின்று மனதாரச் சபித்தேன். இன்றைக்கும் சபிக்கிறேன்.

நர்ஸ் இந்த வேலையைப் பற்றிச் சொன்னதும் சேர்ந்துவிட்டேன். சேவை மனப்பான்மை என்று கூட்டத்தில் பாராட்டினார்கள். இருந்துவிட்டுப் போகட்டும். அந்தப் பட்டறைக்குள் மாதாமாதம் நுழைய எனக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது. மூத்தாருக்கு மூச்சு வாங்குகிறதா என்று ஒவ்வொரு தடவையும் பார்ப்பேன். அக்கறையில் அல்ல. மற்ற வீடுகளில் எனக்கு ஒரே ஒரு சட்டம்தான். டாக்டர் திரையில் வந்துவிட்டால் நோயாளியைத் தவிர வேறு யாரும் வாய் திறக்கக்கூடாது. மாமியார், புருஷன், அண்ணன் யாராக இருந்தாலும் வெளியே போகச் சொல்லிவிடுவேன். ராட்சசி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஆனால் வேலூர் போக முடியாதவர்கள் இந்த ராட்சசிக்காகத்தான் காத்திருக்கிறார்கள்.

போன ஐப்பசியில் மூத்தாரே ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். நெஞ்சை அடைக்கிறதாம். தம்பி போனபின் அவரேதான் நூல் தோய்க்கிறார். அன்றைக்கும் மயில்கழுத்து நீலம். பட்டறை இரைச்சலில் டாக்டர் பேசுவது என் இயர்போனில் எனக்கு மட்டும் கேட்டது. நகத்தைக் காட்டச் சொல்கிறார் என்றேன். மூத்தார் கையை நீட்டினார். "வெறும்" என்று ஆரம்பித்தவர் அப்படியே நின்றுவிட்டார். தன் நகங்களையே பார்த்தார். யாருடையதோ போலப் பார்த்தார்.

"ஏம்மா, இது சாயந்தானே?"

"எனக்கின்னா தெரியும் மாமா. தொழிலு தெரிஞ்சவரு நீங்க."

நாக்கை நீட்டச் சொன்னேன். ஆட்கள் முன்னால் நீட்டினார். டேப்லெட்டை அருகில் கொண்டுபோய்க் காட்டினேன், நானும் குனிந்து பார்த்தேன். நாக்கும் உதடும் நல்ல சிவப்பு. கழுவிய கால்விரலில் மாட்டிய மிஷினும் நல்ல நம்பரே காட்டியது. பயப்பட ஒன்றுமில்லை, வாயுவாக இருக்கலாம், எதற்கும் இன்றைக்கே ஆரணியில் ஈசிஜி எடுத்துவிடட்டும் என்றார் டாக்டர்.

நன்றி சொல்லி டேப்லெட்டை அணைத்தேன். மூத்தாரிடம் உடனே எதுவும் சொல்லவில்லை. மிஷினைத் துடைத்தேன். இயர்போன் ஒயரைச் சுற்றினேன். நாக்கை உள்ளே இழுக்கலாம் என்று நான் சொல்லவில்லை, அவரும் இழுக்கவில்லை. அவர் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. எனக்கு அது ஆறுதலாக இருந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

அப்புறம், வாயுவாக இருக்கலாம் என்பதையும் ஈசிஜி விஷயத்தையும் சொன்னேன். விரல்களைத் தூக்கிக் காட்டி, அப்படியென்றால் இந்த நீலம் என்ன என்று கேட்டார். அவர் கையைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன்.

"வெறும் சாயந்தாங்க," என்றேன்.

அப்பாடா என்று மூச்சை விட்டவர், பாதியில் என் முகத்தைப் பார்த்தார். அந்த வார்த்தை யாருடையது என்று அவருக்கு ஞாபகம் வந்துவிட்டது. கையை இழுத்து மடியில் ஒளித்துக்கொண்டார். நான் பையை மாட்டிக்கொண்டு அடுத்த வீட்டுக்குக் கிளம்பினேன்.