சோதனை ரயிலின் வலப்பக்கம்

2004 மார்ச் 9 — 14.50
2004 ஆகஸ்ட் 21 — 14.50
2006 ஜனவரி 3 — 16.00
2008 மே 17 — 16.00
2011 பிப்ரவரி 28 — 22.00
2013 அக்டோபர் 5 — 22.00
2016 ஜூலை 12 — 27.00
2018 நவம்பர் 19 — 5.00
2019 மார்ச் 18 — 8.00
ஆக மொத்தம் 145.00

இவ்வளவும் தபால் தலைக்குப் போனது. ஒன்பது கடிதங்கள், பதினைந்து வருடம். முதல் ஏழும் கடல் தாண்டிப் போயின. கடைசி இரண்டும் பேருந்தில் இரண்டு மணி நேரத் தொலைவுக்குப் போயின. வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவது என்பார்களே, அப்படித்தான் ஆயிற்று.

எழுதியவர் பல்செட்டுக்காரர். அவர் பல் மருத்துவர் அல்ல. மருத்துவர்கள் எடுத்தனுப்பும் அச்சை வைத்துப் பல்செட் செய்து கொடுப்பவர். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் பத்துக்குப் பன்னிரண்டடி அறை. ஜன்னலோரம் மேசை, அதன்மேல் பாலிஷ் மோட்டார், சுவரில் வரிசை வரிசையாகப் பிளாஸ்டர் மாவில் வார்த்த வெள்ளைத் தாடைகள். அச்சு இல்லாமல் அவர் ஒரு பல்கூடச் செய்ததில்லை. ஒருமுறை ஒருவர் வந்து, "எங்கப்பாவால எழுந்து வர முடியாது, உத்தேசமா ஒண்ணு போட்டுக் குடுங்க" என்று கேட்டார். "உத்தேசமா மென்னுக்குவாரா?" என்று இவர் திருப்பிக் கேட்டார். பிறகு மாலையில் அச்சுத் தட்டைத் தூக்கிக்கொண்டு அவர் வீட்டுக்கே போய் அளவெடுத்து வந்தார்.

வீட்டில் உள்ளறை முழுக்க ரயில்கள். எல்லாமே அதிவேகச் சோதனை வண்டிகளின் மாதிரிகள், எண்பத்தேழில் ஒரு பங்கு அளவு. கூரைமேல் ஜெட் எஞ்சின் கட்டியது ஒன்று. சக்கரமே இல்லாமல் காற்று மெத்தையில் மிதந்தது ஒன்று. காந்தத்தில் ஓடியது ஒன்று. 2004-க்குள் இருபத்திரண்டு சேர்ந்திருந்தன. சிலதைப் பெட்டியோடு வாங்கினார். கடையில் கிடைக்காததைத் தானே செய்தார். பல்செட்டுக்கான மாவில் அச்செடுப்பார், ஈறு செய்யும் ரோஸ் நிறப் பிளாஸ்டிக்கில் உடலை வார்ப்பார், பல்லுக்குப் போடும் பாலிஷையே ரயிலின் மூக்குக்கும் போடுவார். மாதத்தின் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை, மரச்சாமான் கடையின் மாடியில் கூடும் மாதிரி ரயில் சங்கத்துக்கு அவற்றில் ஒன்றைத் துணியில் சுற்றி எடுத்துப் போவார்.

அந்தச் சங்கத்தில் அவருடைய நண்பர் ஓய்வுபெற்ற பேருந்து நடத்துநர். பெயர் டபுள் விசில். வண்டியை எடுக்க எல்லா நடத்துநரும் ஒரு டபுள் விசில் கொடுத்தால், இவர் எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டு கொடுப்பாராம்.

"ஏன் டாக்டரே, ஜனங்க ஏறாத வண்டியாவே பாத்துப் பாத்துப் பொறுக்குறீங்களே, டிக்கெட் கிழிக்காத வண்டியெல்லாம் ஒரு வண்டியா?" என்பார்.

"நீங்க இருந்தா அதுலயும் ரெண்டு பேருக்குச் சில்லறை பாக்கி வெச்சிருப்பீங்க" என்பார் இவர்.

இருபத்து மூன்றாவதுதான் வம்பாகிவிட்டது. அது ஒற்றைப் பெட்டிச் சோதனை வண்டி. இருபத்தாறு மீட்டர் நீளம், வெள்ளை உடல், நடுவில் நீலக் கோடு. நம் நாட்டிலேயே, சதுப்பு நிலத்தின் ஓரமாகப் போட்ட தனிப் பாதையில் முப்பத்தெட்டு நாள் ஓட்டிப் பார்த்துவிட்டுப் பிரித்துப் போட்டுவிட்டார்கள். வரைபடங்கள் மிஞ்சவில்லை. மொத்தம் ஆறு புகைப்படங்கள், ஆறும் இடப்பக்கத்திலிருந்து எடுத்தவை. வலப்பக்கம் சேறு. கேமராவைத் தூக்கிக்கொண்டு எவன் சேற்றில் இறங்குவான்?

இடப்பக்கத்தில் பதினோரு ஜன்னல். வலப்பக்கத்தில் எத்தனை? இதுதான் கேள்வி.

"அந்தப் பக்கமும் பதினொண்ணு வெச்சுட்டுப் போங்களேன். யாரு வந்து எண்ணப் போறா?" என்றார் டபுள் விசில்.

"நான் எண்ணுவேன்" என்றார் பல்செட்டுக்காரர்.

ஆகவே இடப்பக்கத்தை மயிரிழை பிசகாமல் முடித்துவிட்டு, வலப்பக்கத்தை ஈறு நிறத்திலேயே விட்டுவிட்டார். மகள் பார்த்துவிட்டு, "அப்பா, உங்க ரயிலு பல்லு போன தாத்தா மாதிரி சிரிக்குது" என்றாள். சங்கத்தில் நடு மேசை என்று ஒன்று உண்டு. சுற்றி வந்து பார்க்கத் தகுந்த மாதிரிகளுக்கே அங்கே இடம். இந்த வண்டி ஒவ்வொரு கண்காட்சியிலும் சுவரோரம், வலப்பக்கம் சுவரைப் பார்த்தபடி நின்றது.

ஆறு படங்களில் ஒன்றில் சோதனைக் குழுவினர் ஏழு பேர் வரிசையாக நின்றார்கள், கீழே பெயர்கள். ஏழு பேரும் வெவ்வேறு தேசங்களுக்குப் போயிருந்தார்கள். ஒவ்வொரு முகவரியையும் பிடிக்க வருடங்கள் ஆயின. முதல் கடிதம் திரும்பி வந்தது. இரண்டாவதுக்கு, அப்பா காலமாகிவிட்டார் என்று மகன் எழுதினார். மூன்றாமவர் பிரேக் பொறியாளர். தரையையே பார்த்துக்கொண்டிருந்ததாக எழுதினார். நான்காமவர் மீட்டரைத் தவிர எதையும் பார்க்கவில்லை. ஐந்தாமவர் பதினொன்று என்று சத்தியம் செய்தார். ஆறாமவர் எட்டு என்று அதைவிடப் பெரிய சத்தியம் செய்தார். ஏழாமவர் ஓட்டுநர். அவர் பதில் ஒரே வரி: "நான் முன்னால் பார்த்துத்தான் ஓட்டினேன்."

அந்த வரியை வாசித்த அன்று பல்செட்டுக்காரர் வண்டியைத் துணியில் சுற்றி அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிட்டார். பார்த்தவர்களில் மிச்சம் யாரும் இல்லை; இனி அந்தப் பக்கத்தை யார் சொல்வது? இரண்டு வருடம் அதை இறக்கவில்லை.

அவருடைய மனைவி, ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் முப்பத்திரண்டு வருடம் மேற்பார்வையாளராக இருந்தவர். ரயில் விஷயத்தில் அவர் தலையிட்டதே இல்லை. 2018 நவம்பர் 4 அன்று அலமாரியை ஒழிக்கும்போது வண்டி கையில் சிக்கியது. ஜன்னல் வெளிச்சத்தில் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

"என்னங்க, பின் சக்கரத்துக்குப் பக்கத்துல உருண்டையா ஒட்டியிருக்கே, அது என்ன?"

பல்செட்டுக்காரருக்கு உற்சாகம் வந்துவிட்டது. "அதுவா? உருளைக் கருவி. எதுக்குன்னு யாருக்கும் தெரியல. சங்கத்துல ரெண்டு கூட்டம் அதையே பேசினோம். பிரேக் எண்ணெய்த் தொட்டின்னு ஒரு கட்சி, அதிர்ச்சி தாங்கின்னு ஒரு கட்சி. மூணரை மில்லிமீட்டர்தான், ஆனா செய்ய நாலு நாளாச்சு!"

"போட்டோவக் காட்டுங்க."

அவர் காட்டினார். அம்மாள் பூதக்கண்ணாடியை வைத்து ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு, சிரிப்பை அடக்க முடியாமல் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்.

"இது வாளிங்க."

"என்ன?"

"வாளி! பக்கத்துல நீட்டிக்கிட்டிருக்கு பாருங்க, துடைப்பக் கட்டை. முப்பத்திரண்டு வருஷம் வாளியோடயே குடித்தனம் பண்ணினவ சொல்றேன். தண்ணி வெக்கிற வாளியக் கொண்டுபோய் ரயிலோட ஒட்டவெச்சு, அதுக்குக் கூட்டம் வேற போட்டீங்களாக்கும்!"

பல்செட்டுக்காரர் வாங்கிப் பார்த்தார். பதினான்கு வருடமாக ஆணி ஆணியாக எண்ணிய படம். வாளிதான். கைப்பிடிகூடத் தெரிந்தது.

அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "வாளி இருந்தா கழுவின ஆளு இருந்திருக்கும். ஓட்டினவரு முன்னால பாத்தாரு, மீட்டர் பாத்தவரு மீட்டரப் பாத்தாரு. கழுவின ஆளு ரெண்டு பக்கமும் பாத்துத்தானே ஆகணும்? இத்தன வருஷமா ஊரெல்லாம் கேட்டீங்களே, அந்த ஆளக் கேட்டீங்களா?"

பல்செட்டுக்காரர் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

ரயில்வே ஓய்வூதியர் சங்கத்தின் அலுவலகம், அவர் தினமும் நடந்துபோகும் தெருவில், தபால் நிலையத்துக்கு நேரெதிரே முதல் மாடியில் இருந்தது. ஏழு கடிதங்களையும் அந்தத் தபால் நிலையத்தில்தான் போட்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமையானதால் பூட்டியிருந்தது. மறுநாள் போனார். செயலாளர், பழைய பேரேடுகளில் தேட இரண்டு வாரம் எடுத்துக்கொண்டு கடைசியில் சொன்னார்: "இருக்காங்க சார். அப்போ இருபத்திரண்டு வயசுப் பொண்ணு, இப்போ எழுபதுக்கு மேல. போன் பண்ணாதீங்க, காது கேக்காது. எழுதுங்க, மணி மணியா பதில் போடுவாங்க."

எட்டாவது கடிதம் அன்றே போயிற்று. பதில் டிசம்பர் 11 அன்று வந்தது, கோடு போட்ட தாளில் மூன்று பக்கம்.

"ஐயா, எல்லாரும் பிளாட்பாரம் பக்கத்தைத்தான் பார்ப்பாங்க. சேத்துப் பக்கம் என்னுது. பலகை போட்டு அதுமேல நின்னு கழுவுவேன். கண்ணாடி ஒன்பதுதான். மொத நாளு பதினொண்ணுன்னு நினைச்சு, நடுவுல ரெண்டு கண்ணாடி மட்டும் ஏன் பளபளக்கலைன்னு அரை மணி நேரம் தேய்ச்சேன். பெயின்டு வரவும்தான் தெரிஞ்சுது, அது கண்ணாடி இல்ல, ஜன்னல் மாதிரி கறுப்பு அடிச்சிருக்கு. உள்ள கருவி வெக்கிற அலமாரியாம். போர்மேன் என்னைத் திட்டிட்டு, அவரும் சிரிச்சிட்டாரு. இன்னொண்ணு. அந்தப் பக்கம் நீலக்கோடு நாலு விரல் கீழ இருக்கும். பெயின்டரும் என் பலகை மேல நின்னுதான் அடிச்சாரு, கை எட்டல."

பதினொன்று என்று சத்தியம் செய்தவர் வெளியே நின்று தூரத்திலிருந்து பார்த்திருக்க வேண்டும் என்று பல்செட்டுக்காரர் நோட்டில் எழுதிவைத்தார். எட்டுக்காரருக்கு மன்னிப்பே இல்லை.

அடுத்த கவலை உடனே வந்தது. "நாலு விரல்ங்கறாங்களே, அவங்க விரல் எவ்வளவு தடிமன்னு தெரியலையே! இன்னொரு கடிதம்…"

"எழுபது வயசுப் பொம்பளைகிட்ட விரல் அளவு கேட்டீங்க, கொன்னுடுவேன்" என்றார் மனைவி. தன் வலக்கையை மேசைமேல் வைத்தார். "இந்தாங்க. அவங்களும் வாளி தூக்கின கை, நானும் வாளி தூக்கின கை. அளங்க."

அறுபத்தெட்டு மில்லிமீட்டர். எண்பத்தேழால் வகுத்தால் 0.78. அந்த அளவு கீழே இறக்கிக் கோடு போட்டார். ஒன்பது ஜன்னலுக்குக் கண்ணாடி வைத்தார். இரண்டுக்குக் கறுப்பு அடித்தார், பளபளப்பில்லாத கறுப்பு. வாளியைச் சக்கரத்திலிருந்து பெயர்த்து, கைப்பிடி வைத்துத் தரையில் நிறுத்தினார். சேற்றுப் பக்கம் ஒரு பலகை.

2019 மார்ச் 10, இரண்டாவது ஞாயிறு. வண்டி நடு மேசைக்கு ஏறியது. யாரும் இடப்பக்கம் நிற்கவில்லை. கூட்டம் முழுக்க வலப்பக்கம். டபுள் விசில் மூன்றுமுறை சுற்றி வந்து, குனிந்து ஜன்னலை எண்ணிவிட்டு, "டாக்டரே, அந்த உருளைக் கருவி எங்கே? அதிர்ச்சி தாங்கின்னு நான் பந்தயம் கட்டியிருக்கேன்" என்றார்.

"கீழ நிக்குது பாருங்க. தண்ணி நிரப்பிக் குடுக்கட்டுமா?"

மாடியே சிரித்தது. அம்மாள் தன் நான்கு விரலையும் எல்லாருக்கும் காட்டிக்கொண்டிருந்தார்.

ஆனால் வீடு திரும்பிய பல்செட்டுக்காரருக்கு உறக்கம் கொள்ளவில்லை. மாட்டிப் பார்க்காத பல்செட், பல்செட் அல்ல. பார்த்தவர் பார்த்து ஆமாம் என்று சொல்ல வேண்டும். ஒருவேளை இல்லை என்று சொல்லிவிட்டால்? வண்டியை எட்டுக் கோணத்தில் படமெடுத்து, மார்ச் 18 அன்று ஒன்பதாவது கடிதத்தில் வைத்தார். உறையை ஒட்டும் வேலையை மனைவி வாங்கிக்கொண்டார்.

பதிலுக்காக அவர் தினமும் பதினொன்றரை மணிக்குப் பட்டறையைப் பூட்டிவிட்டு வாசலில் வந்து நின்றார். தபால்காரர் தெருமுனையிலேயே கையை ஆட்டி இல்லை என்று காட்டுவார். ஒரு நாள் கையை ஆட்டவில்லை.

உறையில் இரண்டு தாள்கள். முதல் தாளில் இரண்டு வரி: "பார்த்தேன் ஐயா. இதைத்தான் கழுவினேன். என் பலகையையும் வெச்சிட்டீங்களே!"

இரண்டாவது தாளில் எழுத்தே இல்லை. ஒரு கையைத் தாள்மேல் வைத்துப் பென்சிலால் சுற்றி வரைந்திருந்தது. கீழே மட்டும், "அம்மா ரகசியமா எழுதிக் கேட்டிருந்தாங்க" என்று இருந்தது.

அவர் நிமிர்ந்து மனைவியைப் பார்த்தார். அம்மாள் ரொம்பக் கவனமாக ஜன்னல் திரையை மடித்துக்கொண்டிருந்தார்.

அளவுகோலை எடுத்தார். நான்கு விரலும் சேர்ந்து எழுபது மில்லிமீட்டர். இரண்டு அதிகம். எண்பத்தேழில் ஒரு பங்கில் அது 0.02, எந்தத் தூரிகைக்கும் எட்டாத வித்தியாசம். வாய்விட்டுச் சிரித்தபடி நோட்டைத் திறந்து, இருபத்து மூன்றாம் வண்டியின் பக்கத்தில் 'முடிந்தது' என்று எழுதி, அதன் கீழே கடிதம் வந்த நாளைக் குறித்தார்: 2019 மார்ச் 27.